மலிவான மைக்கில் வீட்டிலேயே நல்ல குரல் பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் குரல் பதிவைத் தொடங்குபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பாடுபவர், கதை வாசிப்பவர், பாடம் நடத்துபவர் என யாராக இருந்தாலும் தொடக்கத்தில் இடறும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன.

மலிவான மைக் என்பதால்தான் என் பதிவு சரியாக வரவில்லையா?

பெரும்பாலும் இல்லை. 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் ஆகிய இருவரும், மின்னூட்டத்தைத் தன்னுள் நிலையாகத் தேக்கி வைத்துக்கொள்ளும் மெல்லிய படலத்தைக் கொண்டு எலக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். அந்த முறை வந்த பிறகுதான் நல்ல தரமுள்ள மைக்கைக் குறைந்த செலவில் பெருமளவில் செய்ய முடிந்தது. இன்று தொடக்கநிலையில் இருப்பவர்கள் வாங்கும் கண்டென்சர் மைக்குகள் பலவற்றிலும் இருப்பது அந்த வகைப் படலமே.

எண்களைக் கொண்டும் இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு மைக்கும் தானாகவே சிறிது இரைச்சலை உண்டாக்கும். தொடக்கநிலைக் கண்டென்சர் மைக்குகளில் இது பொதுவாக 15 முதல் 25 டெசிபல் வரை இருக்கும். ஆனால் விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, ஊர் அடங்கிய பிறகு ஒரு படுக்கையறையில் இருக்கும் அமைதியே ஏறத்தாழ 30 டெசிபல்தான். பகலில் அது இன்னும் கூடும். ஆகவே பதிவில் நீங்கள் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு உங்கள் அறையினுடையது. விலை உயர்ந்த மைக்கை அதே அறையில், அதே இடத்தில் வைத்தால், அது அறையின் குறைகளை இன்னும் தெளிவாகப் பதிந்து தரும். முதலில் சரிசெய்ய வேண்டியவை மைக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரமும், அறையும்தான்.

மைக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

ஒரு சாண். விரல்களை நன்றாக விரித்து, கட்டை விரல் நுனியை மைக்கிலும் சுண்டு விரல் நுனியை உதட்டிலும் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வரும். பாடுவதற்கு அது நல்ல தொடக்கம். பேசுவதற்கு இன்னும் சற்று நெருங்கி 10 முதல் 15 சென்டிமீட்டரில் இருக்கலாம்.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல்கள் தாமாகத் தீரும். தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும், வாயிலிருந்து நேராக மைக்கை அடையும் ஒலி 6 டெசிபல் கூடுகிறது. ஆனால் சுவர்களில் பட்டுத் திரும்பி அறை முழுவதும் பரவி நிற்கும் முழக்கம், நீங்கள் நெருங்கினாலும் விலகினாலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். மேசைக்கு அப்பால் 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்த மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், அறையோடு ஒப்பிடும்போது உங்கள் குரல் 12 டெசிபல் மேலே ஏறிவிடுகிறது. எந்த மென்பொருளாலும் இவ்வளவு சுத்தமாக இதைச் செய்து தர முடியாது.

மிகவும் நெருங்குவதிலும் ஒரு விளைவு உண்டு. ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் சிறப்பாக வாங்கும் மைக்குகள், அருகிலிருந்து வரும் ஒலியின் கீழ் அதிர்வெண்களைக் கூட்டிக் காட்டும். நாலு விரல் அகலத்துக்குள் வந்துவிட்டால் குரல் கனத்துக் குழைந்து ஒலிக்கும். கதை சொல்பவர்களுக்கு இது சில வேளைகளில் இனிமையாக அமையும். ஆனால் ல, ள, ழ ஆகிய மூன்றும் தெளிவாகப் பிரிந்து கேட்க வேண்டிய வாசிப்பில் இந்தக் கனம் இடைநிலை ஒலிகளை அமுக்கிவிடுகிறது. எவ்வளவு நெருக்கம் என்பதை முடிவு செய்துகொண்டு, பதிவு முடியும்வரை அதே தூரத்தில் நிற்பது முக்கியம். உச்சத்தில் பாடும் இடங்களில் மட்டும் தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

மைக்கின் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பாட வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. கையில் பிடித்துப் பாடும் மேடை மைக்குக்கு வாய் அதன் நுனியில் இருக்கிறது. ஆனால் மேசையில் நிமிர்ந்து நிற்கும் பருத்த கண்டென்சர் மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு வாய் பக்கவாட்டில் இருக்கிறது. பெயரோ சின்னமோ பொறித்திருக்கும் பக்கமே பொதுவாக முன்பக்கம். நான் என்னுடைய முதல் மைக்கை நான்கு மாதங்கள் அதன் உச்சியை நோக்கிப் பாடியே பயன்படுத்தினேன். பதிவுகள் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக இருந்தன. மைக்கில் ஏதோ பழுது என்றே நினைத்தேன். ஒருநாள் துடைப்பதற்காக வலைக்கூண்டுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோதுதான், உள்ளே பொன்னிறத் தகடு ஒன்று என் முகத்துக்கு நேராக இல்லாமல் எதிர்ச்சுவரைப் பார்த்து நிற்பது தெரிந்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. பதிவை ஓடவிட்டு, ஒரே வாக்கியத்தைச் சொல்லியபடியே மைக்கைக் கால் வட்டம், அரை வட்டம் என்று திருப்பிக்கொண்டே வாருங்கள். குரல் எந்த நிலையில் நிறைவாகவும் தெளிவாகவும் கேட்கிறதோ அதுவே முன்பக்கம். பல திசை அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் திருகு உங்கள் மைக்கில் இருந்தால், தனிக் குரலுக்கு இதய வடிவம் வரைந்திருக்கும் கார்டியாய்டு அமைப்பையே தேர்ந்தெடுங்கள்.

அறையின் எதிரொலியை எப்படிக் குறைப்பது?

அறை ஒலியியலின் வரலாறே மெத்தைகளில்தான் தொடங்குகிறது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சு புரியாத அளவுக்கு முழங்கிய ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, முழக்கம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. அந்த அளவீடுகளிலிருந்து அவர் வகுத்த சூத்திரத்தை அரங்குகளைக் கட்டுபவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலிருக்கும் கனமான போர்வையும் மெத்தையும் தற்காலிகப் பொருள்கள்தானே என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை. அவை வேலை செய்பவை.

அவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வளைந்து நிற்கும் சிறிய தடுப்புகளை வாங்குகிறார்கள். கார்டியாய்டு மைக் தனக்குப் பின்னால் இருந்து வருவதை இயல்பாகவே வாங்குவதில்லை. அது பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் முகத்தையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெறும் சுவரையும்தான். உங்கள் குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, பின்சுவருக்குப் போய், அங்கிருந்து நேரே மைக்கின் வாய்க்குள் நுழைகிறது. எனவே முதல் போர்வை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்க வேண்டும். கொடி கட்டியோ, இரண்டு நாற்காலிகளின் மேல் கழி வைத்தோ, தலைக்கு மேல் வரும் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது போர்வைகளைப் பக்கவாட்டில் சேர்க்கலாம்.

சுவரிலிருந்து தள்ளி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 3,430 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ மூன்றரை மீட்டருக்குச் சற்றே குறைவு. மெல்லிய நுரைப் பலகைகளைச் சுவரில் ஒட்டினால் அவை உயர்ந்த ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு, கீழேயும் நடுவிலும் இருப்பவற்றை அப்படியே விட்டுவிடும். குரலின் பளபளப்பு போய், பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற மந்தம் மட்டும் மிஞ்சும். தடிமன் கூடக்கூட, சுவருக்கும் துணிக்கும் இடையில் காற்றுவெளி கூடக்கூட, உறிஞ்சுதல் கீழ் அதிர்வெண்கள் நோக்கி இறங்கும்.

துணிகள் நிறைந்த அலமாரியின் கதவுகளைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுவது நான் பார்த்தவற்றில் மிக எளிதான ஏற்பாடு. அறையின் நடுமையத்தையும் மூலைகளையும் தவிர்த்துவிடுங்கள். இரு இடங்களிலும் கீழ் ஒலிகள் ஒழுங்கற்றுக் கூடியும் குறைந்தும் இருக்கும்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் பயன் உண்டா?

இல்லை. அவை மெல்லிய அட்டை. உயர் அதிர்வெண்களில் சிறிதளவு மாற்றம் தவிர வேறொன்றும் செய்யாது. வெளிச்சத்தமும் அவற்றால் நிற்காது. அதே உழைப்பில் ஒரு கனத்த மெத்தையை நிமிர்த்தி நிறுத்திவிடலாம்.

மேசைமேல் மைக்கை வைத்துப் பேசினால் குரல் ஒருவிதமாகக் குடைந்து கேட்கிறது. ஏன்?

உங்கள் குரல் மைக்குக்கு இரண்டு வழிகளில் போய்ச் சேருகிறது. ஒன்று நேராக, மற்றொன்று மேசைப் பலகையில் பட்டு. அந்த இரண்டாவது வழி முதல் வழியைவிட 34 சென்டிமீட்டர் கூடுதல் நீளமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து முதல் ஒலியோடு கலக்கும். 500 ஹெர்ட்ஸில் இரண்டும் நேரெதிராக நின்று ஒன்றையொன்று அழிக்கும். அவ்வாறே 1,500-இலும் 2,500-இலும் அழிவு நிகழும். சீப்பின் பற்களைப்போல இடைவெளிவிட்டுக் குரலில் விழும் இந்தப் பள்ளங்களே நீங்கள் கேட்கும் குடைவு. ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பங்கள் பெருமளவு 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருப்பதால், உச்சரிப்பின் தெளிவு அடிபடுவதற்கும் இதுவே காரணமாகலாம்.

மேசைமேல் தடித்த துண்டை இரண்டாக மடித்து விரித்தால் ஓரளவு குறையும். மைக்கை மேசையிலிருந்து எடுத்து, தரையில் நிற்கும் தாங்கியிலோ கையுடைய தாங்கியிலோ பொருத்தி, வாயின் உயரத்துக்குக் கொண்டுவருவதே முழுமையான தீர்வு. தட்டச்சின் அதிர்வும் முழங்கை படும் சத்தமும் அதோடு நின்றுவிடும்.

'ப' வரும் இடமெல்லாம் 'டும்' என்று அடிக்கிறதே?

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் வைத்து 'பறவை பாடியது' என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பகரத்துக்கும் ஒரு காற்று உந்தல் தோலில் படும். அடுத்து 'மலை மேலே' என்று சொல்லுங்கள். கையில் ஒன்றும் படாது. மைக்கின் படலத்தில் மோதுவது ஒலியன்று, இந்தக் காற்றே. சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரமும், 'அப்பா', 'உப்பு' போன்ற சொற்களில் இரட்டித்து வரும் பகரமும் மிகுதியாகத் தொல்லை தரும்.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் வலைத்துணி பூட்டிய பாப் ஃபில்டரை வைக்கலாம். அது மைக்கை ஒட்டி இருந்தால் பயனில்லை. நாலைந்து விரல் இடைவெளி வேண்டும். எனக்கு அதைவிடவும் பிடித்த வழி, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், வாயின் ஓரத்துக்கோ மூக்கின் உயரத்துக்கோ நகர்த்தி, வாயை நோக்கிச் சாய்த்து வைப்பது. காற்று நேராகப் போய்விடும். ஒலி எல்லாத் திசையிலும் பரவுவதால் மைக்குக்குக் குறைவின்றி வந்து சேரும். கூர்மையாகச் சீறும் 'ஸ', 'ஷ' ஒலிகளையும் இந்தச் சாய்வு தணிக்கும்.

கெயின் எவ்வளவு வைக்க வேண்டும்?

மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பதிவதற்கு முன் எவ்வளவு பெருக்குவது என்பதே கெயின். பாட்டின் மிக உரத்த வரியை, பதிவின்போது பாடப்போகும் அதே முழுக்குரலில் பாடி, அளவுகோலின் முள் உச்சமாகக் கழித்தல் 12-க்கும் கழித்தல் 10 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி வையுங்கள். சோதிக்கும்போது அடக்கிப் பாடிவிட்டு, பதிவில் உணர்ச்சி மிகுந்து முழங்குவது எல்லோருக்கும் நேர்வது. அந்தக் கூடுதலுக்கு இடம் வேண்டும். அளவுகோலின் மேல் எல்லையான பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை முழுமையாக மீட்க முடியாது.

'அளவு குறைவாகப் பதிந்தால் தரம் குறையாதா' என்ற அச்சம் 16 பிட் காலத்திலிருந்து வருவது. ஒலியின் ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பது என்பதைப் பிட் எண்ணிக்கை காட்டுகிறது. 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி கிடைத்தது. 24 பிட்டில் கோட்பாட்டளவில் 144 டெசிபல். உங்கள் அறையின் இரைச்சல் அந்த அடித்தளத்துக்கு வெகு மேலே இருக்கிறது. ஆகையால் மென்பொருளில் 24 பிட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அச்சமின்றித் தாழ்வாகப் பதியுங்கள்.

44.1 கிலோஹெர்ட்ஸா, 48 கிலோஹெர்ட்ஸா?

ஒலியை ஒரு நொடியில் எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிவது என்பதே இந்த எண். காணொளியோடு சேர்க்கப்போவது என்றால் 48. இசைக்கு மட்டும் என்றால் 44.1. மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸை இரண்டுமே தாங்கும். கேட்டு வேறுபாடு கண்டறிய முடியாத இந்த முடிவில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கோப்பு மட்டும் வேவ் வடிவில் இருக்கட்டும். எம்பி3 கடைசியில் பகிர்வதற்கு.

பதிவில் ஓயாத ரீங்காரம் கேட்கிறது. எங்கிருந்து வருகிறது?

ஒன்றும் பேசாமல் முப்பது நொடி பதிந்து, ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்: மடிக்கணினியின் விசிறி, அடுத்த அறையின் குளிர்பதனப் பெட்டி, சுவர்க்கடிகாரத்தின் முள். நிறுத்தக்கூடியவற்றை நிறுத்துங்கள், நிறுத்த முடியாததை மைக்கின் முதுகுப்பக்கம் வரும்படி மைக்கைத் திருப்புங்கள்.

தாழ்ந்த, மாறாத ரீங்காரம் என்றால் அது மின்சாரத்திலிருந்து வருவது. மின்வழங்கலைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அவற்றின் மடங்குகளிலும் ஒலிக்கும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல நேரங்களில் உடனே நின்றுவிடும். யுஎஸ்பி மைக்கைப் பல இணைப்புப் பெட்டியில் செருகாமல் கணினியில் நேராகச் செருகுங்கள். மைக் கம்பியும் மின்கம்பியும் ஒட்டிக் கிடக்க வேண்டாம்.

என் கண்டென்சர் மைக் சத்தமே வராமல் ஈனமாக ஒலிக்கிறது. பழுதா?

மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வாய் கொண்ட கண்டென்சர் மைக்கை, கூடவே வந்த ஒரு கம்பியால் கணினியின் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அத்தகைய மைக்குகள் பொதுவாக எதிர்பார்ப்பது மைக் கம்பி வழியாகவே ஊட்டப்படும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம்; கணினியின் துளை தருவதோ சில வோல்ட் மட்டுமே. சில மைக்குகள் அதிலும் எப்படியோ உயிர் பிடித்து ஓடும். ஆனால் ஒலி மெலிந்து, இரைச்சல் மேலெழுந்து நிற்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான எளிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றில் செருகி 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால் அதே மைக் வேறொன்றாக ஒலிப்பதைக் கேட்பீர்கள்.

கணினியின் ஒலி அமைப்புகளில் தானியங்கி அளவுச் சீரமைப்பு, இரைச்சல் நீக்கம் ஆகியவை இயங்கினால் அவற்றையும் அணைத்துவிடுங்கள். அழைப்புகளுக்காக அமைந்த அவை, பாட்டின் நீளமான சுரத்தை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும்.

பாடும்போது என் குரல் ஹெட்போனில் தாமதமாக வருகிறது.

மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தி, மென்பொருள் வழியாக வரும் உங்கள் குரலை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் பஃபர் அளவை, அதாவது மென்பொருள் ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையை, குறையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 1,024 மாதிரிகள் என்றால் ஒருவழிக்கே 21 மில்லிநொடி. 128 என்றால் மூன்றுக்கும் குறைவு. புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகாது. காதை முழுவதும் மூடும் கம்பி ஹெட்போன் வேண்டும். இல்லாவிட்டால் பின்னணி இசை கசிந்து குரல் பதிவில் ஏறிவிடும்.

பதிந்த பிறகு மென்பொருளில் என்ன செய்யலாம்?

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுங்கள். குரலில் அங்கே பயனுள்ளது ஏதும் பெரும்பாலும் இல்லை, அதிர்வும் காற்றடியும்தான் இருக்கும். உயர்ந்த குரலுக்கு 100 வரைகூட ஏற்றலாம். இரைச்சல் நீக்கியைப் பயன்படுத்தினால் 6 முதல் 10 டெசிபல் வரை மட்டும் குறையுங்கள். அதற்கு மேல் போனால் சொற்களின் வால்கள் தண்ணீருக்குள் கேட்பதுபோலத் தளும்பும். மெல்லிய இரைச்சலைக் காது மன்னித்துவிடும், இந்தத் தளும்பலை மன்னிக்காது.

அடுத்தது கம்ப்ரெஷன். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் வைத்தால், எல்லையை 9 டெசிபல் தாண்டிய ஒலி 3 டெசிபல் மட்டுமே தாண்டியதாக வெளிவரும். உரத்த இடங்கள் தணிந்து, மெல்லிய சொற்கள் முன்னுக்கு வரும். இங்கேதான் அறையை விட்டுவிட்டவர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள்: தணித்த பிறகு மொத்த அளவையும் 6 டெசிபல் உயர்த்தும்போது, குரலோடு சேர்ந்து சுவரின் முழக்கமும் விசிறியின் இரைச்சலும் அதே 6 டெசிபல் உயர்கின்றன. ஒருவர் எனக்கு அனுப்பிய கோப்பில் கம்ப்ரெஷனை நீக்கிக் கேட்டபோது அறை ஓரளவு அடக்கமாகவே இருந்தது. அவர் அடுக்கடுக்காகச் சேர்த்த மூன்று கருவிகளே அதை வெளியே இழுத்து வந்திருந்தன. பின்சுவரில் போர்வை தொங்கவிட்டு மீண்டும் பதிந்தபோது அவருக்கு ஒரு கருவியே போதுமானதாக இருந்தது.

யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் ஏறத்தாழ கழித்தல் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) என்ற அளவுக்குப் பாட்டுகளைச் சமன்செய்கின்றன. அதைவிட உரக்கச் செய்து அனுப்பினால் அவை குறைத்துவிடும். நசுங்கிய குரல் மட்டும் மிஞ்சும்.

அப்படியானால் எப்போது வேறு மைக் வாங்கலாம்?

ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாம் அடங்கிய இரவில், திறந்த துணி அலமாரிக்கு முதுகைக் காட்டி, பக்கங்களில் போர்வை தொங்கவிட்டு, ஒரு சாண் தூரத்தில், சரியான பக்கத்தை நோக்கி ஒரு பத்தியை வாசித்துப் பதியுங்கள். சொற்களுக்கு இடையில் 'ஸ்ஸ்' என்ற மெல்லிய இரைச்சல் அப்போதும் முன்னால் நின்றால், அல்லது சீறும் ஒலிகள் எந்தச் சாய்விலும் கூர்மை குறையாமல் காதைக் குத்தினால், அது மைக்கின் எல்லைதான். மாற்றுவதில் பொருள் உண்டு. அறையைச் சரிசெய்ய வழியே இல்லாத வீடு என்றால், அடுத்ததாக நெருங்கிப் பேசும் டைனமிக் மைக்கைப் பாருங்கள். அதற்கு உணர்திறன் குறைவு என்பதால் வாயோடு ஒட்டி வைத்துப் பாட வேண்டியிருக்கும். அந்த நெருக்கமே அறையைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆனால் அதற்கு நல்ல கெயின் தரும் இன்டர்ஃபேஸ் தேவை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மைக் இன்னும் மேசைமேல்தான் நிற்கிறது என்றால், முதலில் வாங்க வேண்டியது உறுதியான ஒரு தாங்கி.